பாடியில எர்த்து வரும், பாத்துக்கோ!

பேச்சி என்னை முதன்முதலில் பார்த்தபோது நான் தலைகீழாகக் கிடந்தேன்.

ஏரலில், அவள் வீட்டு வாசலில், ஒரு பழைய இங்கிலீஷ் கார். டேஷ்போர்டுக்கு அடியில் என் தலை, சீட்டில் முதுகு, திறந்த கதவுக்கு வெளியே இரண்டு கால். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வந்தவள் கண்ணில் மாப்பிள்ளையின் உள்ளங்கால்தான் பட்டது. ஒன்றில் பித்தவெடிப்பு. இன்னொன்றில் கிரீஸ்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டியவள் அவள். வீட்டுக்குள் யாருமே இல்லை, எல்லோரும் காரைச் சுற்றி நிற்கிறார்கள். என்ன செய்வாள்? தட்டோடு தெருவுக்கே வந்து, என் கால் பக்கமாக நீட்டினாள்.

"காப்பி எடுத்துக்கிடுங்க."

யாரென்று எனக்குத் தெரியவில்லை. "அங்கன பானெட்டு மேல வச்சிட்டுப் போம்மா. இங்க உயிர் போற வேல நடக்கு" என்றேன்.

நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேச்சிதான். மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றது, நானும் அதை வேண்டாம் என்றேன். அதோடு சரி. என்னைப் பற்றி நான் கொஞ்சம் உயர்த்திச் சொன்னால் பேச்சியின் பேனாவில் மை தீர்ந்துவிடும். இப்போது "கிரீஸ்" என்று நான் சொன்னதும் அவளாகவே "இன்னொன்றில் கிரீஸும் சாணியும்" என்று எழுதினாள். சண்டை போட்டு சாணியை அடிக்க வைத்தேன்.

தட்டிப் பார்த்து வாங்கிய கார்

கார் என்னுடையது இல்லை, சிதம்பரம் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலி டவுனில் அண்ணாச்சிக்குப் பாத்திரக் கடை. எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். குடத்தைத் தட்டுவார், தவலையைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார். என்னை வேலைக்கு எடுக்கும்போதும் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "சத்தம் பரவால்ல" என்றார்.

மலைமேல் எஸ்டேட்டில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன கார் விலைக்கு வந்ததும் அண்ணாச்சி போய் பானெட்டைத் தட்டினார். "கனம் இருக்குலே. இப்பம் வாற வண்டியெல்லாம் தகரம்." இன்ஜினை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாத்திரத்துக்கு ஏது இன்ஜின்?

அந்தக் காருக்கு டிரைவர் நான். களக்காட்டு வாழைத்தோட்டங்களில் டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. முதல் மாதம் முழுக்கக் காரிலும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், ஏற்றிய வாழைத்தார் விழுந்துவிடுமோ என்று. பின்னால் உட்கார்ந்திருந்த மதினிதான், அதாவது அண்ணாச்சி சம்சாரம், "எங்களுக்குப் பொடறியிலயா கண்ணு இருக்கு? முன்னால பாருலே" என்று திருத்தினாள்.

முழுச் சீப்பும் பல் போன சீப்பும்

அந்தக் காரில் இரண்டு முள். ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று சூட்டுக்கு.

பெட்ரோல் முள்ளின் இரு பக்கமும் இங்கிலீஷ் எழுத்து. நான் படிக்கத் தெரியாதவன். அதனால் இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டேன். மூன்று பல்லும் இருக்கிற முழுச் சீப்பு மாதிரி இருப்பது E. அடிப்பல் விழுந்த சீப்பு F. முழுச் சீப்பு என்றால் தொட்டி காலி. பல் போன சீப்பு என்றால் தொட்டி நிறைவு. இங்கிலீஷ்காரன் இருநூறு வருசம் நம்மை ஆண்டதே இப்படிக் குழப்பித்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கொஞ்ச நாளில் இரண்டு முள்ளும் புளுக ஆரம்பித்தன. தொட்டி சுத்தமாகக் காலியானாலும் பெட்ரோல் முள் கால்வாசி இருக்கிறது என்று நிற்கும். சூட்டு முள்ளோ, கடையிலிருந்து வண்டியை எடுத்து நாலு தெரு தாண்டுமுன் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரைத் தொட்டால் சும்மா இருக்கும்.

அண்ணாச்சி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் நடுங்கியதே தவிர இறங்கவில்லை. "ஒன்ன மாதிரியே இருக்குலே. உள்ள ஒண்ணுமில்ல, வெளிய பந்தா" என்றார்.

அன்று முதல் தொட்டிக்குள் விட்டுப் பார்க்க ஒரு மூங்கில் குச்சி வைத்துக்கொண்டேன். நனைந்த அளவுக்குப் பெட்ரோல். குச்சி ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் தேடினார்கள். எனக்கென்று பேச வீட்டில் ஆள் இல்லாததால் அண்ணாச்சியும் மதினியும்தான் பெரியவர்கள். ஏரலில் ஒரு இடம். பெண்ணின் அப்பா வேலாயுதம், கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வெறும் வளையம் பிடிக்கிற டிரைவரு வேண்டாம். கைத்தொழில் தெரிஞ்ச பையனா இருக்கணும்."

தரகர் இதை வந்து சொன்னதும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "மெக்கானிக் வேலையும் தெரியும்னு சொல்லுங்க."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே இசக்கி, ஒனக்கு ஸ்டெப்னி மாத்தவே ரெண்டு ஆள் வேணும்."

"கத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"அப்பம் மொதல்ல இந்த முள்ளு ரெண்டையும் சரி பண்ணு. ஒன் கையால பண்ணு. பண்ணிட்டேன்னா நானே கூட வந்து பேசி முடிக்கேன். இல்லன்னா பொய் சொல்லிப் பொண்ணு கேக்க என்னால வர முடியாது."

என் கல்யாணம் இரண்டு முள்ளில் வந்து மாட்டிக்கொண்டது.

பின்சீட்டில் ஒரு பயணி

பாளையங்கோட்டையில் சேவியர் அண்ணன் என்று ஒரு மெக்கானிக். கடற்கரை ஊர்க்காரர். வள்ளத்து இன்ஜினில் ஆரம்பித்துக் காருக்கு வந்தவர். அவரிடம் போய் நோயைச் சொன்னேன். இரண்டு கேள்வி கேட்டார். "ரெண்டு முள்ளும் ஒண்ணா ஏறுதா? அப்பம் முள்ளு மேல குத்தமில்ல மக்கா. ஸ்டெபிலைசரு போயிட்டு. நல்லதா ஒண்ணு கொண்டா, சொல்லித் தாரேன்."

ஸ்டெபிலைசர் எனக்குத் தெரியாததா? அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் சாயங்காலம் ஆனால் கரண்டுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். ஃபிரிட்ஜ் வைத்திருந்த வீட்டிலெல்லாம் பக்கத்தில் ஒரு பெட்டி, 'டக் டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு காவல் இருக்கும். அதற்குத்தானே ஸ்டெபிலைசர் என்று பெயர்?

அண்ணாச்சியிடம் சொன்னேன். "காருக்கும் ஸ்டெபிலைசரா? வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்லே!" என்று அசந்துபோனார். தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அவரே கழற்றிக் கொடுத்தார். இரும்புப் பெட்டி, ஒரு சின்ன மரக்கால் நெல்லின் கனம். கொடுக்கும்முன் தட்டியும் பார்த்தார். மதினி மட்டும், "மாவு புளிச்சா ஒங்க ரெண்டு பேரு தலையிலயும்தான் ஊத்துவேன்" என்றாள்.

அதைப் பின்சீட்டில் உட்கார வைத்து, உருளாமல் இருக்க என் துண்டால் கட்டி, பாளையங்கோட்டைக்கு ஓட்டிப் போனேன். வழியெல்லாம் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். டிராக்டர் புத்தி.

சேவியர் அண்ணன் கையில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்னது?"

"ஸ்டெபிலைசர்ணே."

"இத எங்கன சொருவுவ?"

"வண்டில பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு நீங்கதான காட்டணும்."

சேவியர் அண்ணன் கீழே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பழைய சாமான் டப்பாவைக் கிளறி, என் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார். தீப்பெட்டியை விடச் சின்ன ஒரு தகரப் பெட்டி. இரண்டு காது, இரண்டு வயர் சொருக இடம், அவ்வளவுதான்.

"இதாம்ல மக்கா ஸ்டெபிலைசரு. பேட்டரி கரண்டு ஏறும், எறங்கும். இது அத மட்டுப்படுத்தி ரெண்டு முள்ளுக்கும் ஒரே அளவாக் குடுக்கும். பழசு டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கு. கழட்டு, இத மாட்டு."

"நீங்க வரலியா?"

"எங்க ஊருல கோயில் கொடியேத்து. இன்னா பஸ்ஸு வந்துட்டு."

பஸ் நகர்ந்தது. அண்ணனுக்கு ஏதோ ஞாபகம் வந்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏலே இசக்கி! பாடியில எர்த்து வரும்! பாத்துக்கோ!"

கிரைண்டர் செய்த வேலை

இந்த இடத்தில் மதினி வீட்டுக் கிரைண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். மாவு வழிக்கப் போகிறவர்கள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் போவார்கள். நான் ஒருநாள் ஈரக்காலோடு போய்த் தொட்டேன். அடுத்த நிமிசம் நான் அடுக்களைக்கு வெளியே, கையில் உளுந்த மாவோடு நின்றேன். இடையில் இருந்த வாசல்படியைத் தாண்டியது எனக்கு ஞாபகமே இல்லை. மதினி நிதானமாகச் சொன்னாள், "எர்த்து அடிக்கும்னு சொன்னேம்லா?"

எங்கள் பக்கம் எர்த்து என்றால் அதுதான். ஷாக் அடிப்பது. எர்த்து வரும், எர்த்து அடிக்கும், எர்த்து இழுக்கும். படித்தவர்களுக்கு அது வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சேவியர் அண்ணன் சொன்னதற்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் இதுதான். இந்தப் பெட்டி என் பாடியில், அதாவது என் உடம்பில், எர்த்து அடிக்கும், ஜாக்கிரதை. போகிற நேரத்திலும் என் உயிரை நினைத்துக் கத்தினாரே என்று கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னது கார் பாடியை. அந்தத் தகரப் பெட்டியின் உடம்பு காரின் இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் எர்த்து. அது இல்லையென்றால் பெட்டி வேலையே செய்யாது.

நான் என்ன செய்தேன்? ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, புதுப் பெட்டிக்கு மூன்று சுற்று கறுப்பு டேப் சுற்றினேன். காதைக்கூட விடவில்லை. ஸ்குரூவுக்கும் ஒரு சுற்று. நாளைக்குக் கட்டிக்கப்போகிறவள் தெரியாமல் கை வைத்துவிட்டால்? அந்த அக்கறையில் நாலாவது சுற்றும் சுற்றினேன்.

சாவியைத் திருப்பினேன். எர்த்து அடிக்கவில்லை! வண்டி ஓடாமல் நின்றதால் சூட்டு முள்ளும் கீழேயே கிடந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்து, "சொன்ன வாக்கு வாக்குதான். வெள்ளிக்கெழம ஏரலுக்குப் போறோம்" என்றார்.

வாய்க்கால் வாய்க்காலாக

வெள்ளிக்கிழமை காலை புறப்படும்போது பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

பழைய பெட்டி இருந்தபோது கால்வாசி என்றால் காலி என்று எனக்குத் தெரியும். இப்போதுதான் புதுப் பெட்டி ஆயிற்றே? கால்வாசி என்றால் கால்வாசிதான். மூங்கில் குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மெக்கானிக் மாப்பிள்ளை குச்சியோடு போனால் அசிங்கம்.

செய்துங்கநல்லூர் வருமுன் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. அறிவுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான், "புதுப் பொருள் பொய் சொல்லாது, வண்டி நிஜமாவே சுடுது" என்று வண்டியை நிறுத்தி வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றினேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒருமுறை. அதைத் தாண்டி வாழைத்தோட்டத்துப் பக்கம் ஒருமுறை. ரேடியேட்டர் நிறைந்து வழிந்தது. நானும் விடவில்லை.

மூன்றாவது தடவை மதினி கேட்டாள், "நாம பொண்ணு பாக்கப் போறோமா, வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறோமா?"

மறுபடியும் உள்ளங்கால்

ஏரலில் லைன்மேன் வேலாயுதம் வாசலிலேயே நின்று வரவேற்றார். என் சட்டை இடுப்புவரை நனைந்திருந்ததைப் பார்த்து, "ஆத்துல விழுந்துட்டீயளோ தம்பி?" என்றார்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வண்டி கொஞ்சம் சூடு. மத்தபடி பையன் கெட்டிக்காரன். இந்த வண்டிக்கு அவன் கையாலயே ஸ்டெபிலைசரு மாத்திருக்காம்லா!"

லைன்மேன் முகம் பூத்துவிட்டது. கரண்டுக்காரர் அல்லவா? "கார்ல ஸ்டெபிலைசரா! எங்க, காட்டுங்க தம்பி பாப்போம்."

அப்படித்தான் நான் டேஷ்போர்டுக்கு அடியில் போனேன். அந்தப் பக்கக் கதவு வழியாக லைன்மேன் தலையை விட்டார். அண்ணாச்சி பின்சீட்டிலிருந்து எட்டினார். பேச்சி வந்து என் காலுக்குக் காபி கொடுத்தது அப்போதுதான்.

"என்னம்மா, பேசுதது யாரு?" என்று உள்ளிருந்தே கேட்டேன்.

"பொண்ணுலே!" என்று மதினி வெளியிலிருந்து அலறினாள்.

எழுந்தேன். டேஷ்போர்டில் தலை இடித்தது. மறுபடி படுத்துவிட்டேன்.

பேச்சி போகவில்லை. தட்டைப் பானெட்டில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தெருவில் பாதிப் பேருக்கு மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்த்துக் கொடுக்கிறவள் அவள்தான் என்று தரகர் எனக்குச் சொல்லவே இல்லை.

"யப்பா, இதென்ன, எர்த்து போற எடத்துல டேப்பச் சுத்தி வச்சிருக்காவ?"

"அது எர்த்து அடிக்காம இருக்கதுக்கு" என்றேன் பெருமையாக.

லைன்மேன் என் முகத்தைப் பார்த்தார். அரை முழ தூரத்தில், இரண்டு பேரும் தலைகீழாக.

"தம்பி, நீங்க மெக்கானிக்குதான?"

பேச்சி உள்ளே போய் ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். "மொதல்ல பேட்டரி வயரக் கழத்துங்கப்பா. பெட்டி ஒக்காருத எடத்துல பெயிண்டயும் சொரண்டிருங்க."

லைன்மேன் டேப்பை உரிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலாவது வந்ததும், "பச்சப்புள்ளைக்குக்கூட இம்புட்டுச் சுத்த மாட்டாவ" என்றார். பெட்டியை வெறும் இரும்பில் வைத்து முறுக்கி, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார்.

எல்லோரும் முள்ளையே பார்த்தோம். சூட்டு முள் சிவப்பை விட்டுப் பைய, வெகு பைய, நடுவில் வந்து நின்றது. "ஆகா!" என்றார் அண்ணாச்சி.

பெட்ரோல் முள்ளும் பைய இறங்கியது. கால்வாசியைத் தாண்டியது. நிற்கவில்லை. போய் முழுச் சீப்பில் சாய்ந்து படுத்துவிட்டது.

"ஏலே, என்ன இது?"

"சரியாயிட்டு அண்ணாச்சி" என்றேன். "பெட்ரோல் இல்ல."

இலை

ஊரில் இருந்த ஒரே பங்கில் அன்றைக்கு லோடு வரவில்லை, நாளைக்குத்தான் என்றார்கள். பஸ்ஸில் போகலாமா என்று மதினி கேட்டாள். "இம்புட்டுக் கனமான வண்டியத் தெருவுல போட்டுட்டா?" என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார்.

மணி ஒன்றாயிற்று. உள்ளே புளிக்குழம்பு கொதிக்கிற வாசம். அண்ணாச்சிக்குப் பசி தாங்காது. ஒன்றேகாலுக்குத் தன் வயிற்றையே இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் வெளியே கேட்டது.

லைன்மேன் மரியாதைக்கு, "சாப்புட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

மதினி தடுத்துவிட்டாள். "காப்பி குடிச்சது சரி. சம்மதம் சொல்லாம பொண்ணு வீட்டுல சோத்துல கை நனைக்கக் கூடாது. நீங்க சும்மா இருங்க." கடைசி வார்த்தை அண்ணாச்சியின் வயிற்றுக்கு.

போகவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

லைன்மேன் மறுபடி கேட்டார். "தம்பி, நான் கேட்டதுக்குப் பதில் வரலியே."

டேப் உருண்டை அவர் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மெக்கானிக்கு இல்ல. அது நான் அளந்து விட்டது. அண்ணாச்சி மேல தப்பு கிடையாது. எனக்கு வண்டி ஓட்ட மட்டுந்தான் தெரியும்." கொஞ்சம் யோசித்து, "பெட்ரோல் இருந்தா" என்று சேர்த்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு.

லைன்மேன் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து வந்தார். என் உச்சந்தலையில் விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

"இந்தாரும் வே, நான் முப்பது வருசமாப் பாத்திரம் விக்கேன். இது கனமில்லாத பாத்திரம். அது வாஸ்தவம். ஆனா ஓட்ட கிடையாது. நான் பொறுப்பு."

லைன்மேன் கதவுப் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்லுத?"

"சரியா எர்த்து குடுத்தா வேல செய்யும்பா."

"மீட்டரக் கேக்கலம்மா. மாப்பிள்ளையக் கேக்கேன்."

"நானும் அவங்களத்தான் சொல்லுதேன்."

அண்ணாச்சி அதற்குமேல் ஒரு நிமிசம் பொறுக்கவில்லை. "சம்மதம், எங்களுக்கும் சம்மதம், இலையப் போடுங்க!" என்று அடுக்களைப் பக்கம் நடந்துவிட்டார். தட்டு மாற்றியதெல்லாம் அவர் இரண்டாம் சோறு வாங்கின பிறகுதான்.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி தந்த சீர், அந்த ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கரண்டே ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. பேச்சி அந்தப் பெட்டியைச் சுவர் ஓரமாக வைத்து, மேலே கண்ணாடியைச் சாய்த்து, பக்கத்தில் சீப்பை வைத்தாள்.

பல் ஒன்றும் போகாத முழுச் சீப்பு, காலித் தொட்டியின் அடையாளம். பார்த்தாலே எனக்குப் பசிக்கும்.